உன் குரலை எழுதி அனுப்பு

திருத்தணி,
ஞாயிறு மாலை.

கர்த்தருக்குள் பிரியமான மகள் பிரேமாவுக்கு அப்பா ஆபேல் எழுதுவது. தேவ கிருபையால் நான், அம்மா, உன் மகள் ஹெப்சி மூவரும் இங்கே நலம். அந்த அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் எங்களுக்கு எப்போதும் கவலை. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்ததும் சாப்பிடாமல் படுத்துவிடாதே, கஞ்சியாவது வைத்துக் குடி. அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை, கடைக்குப் போகச் சொன்னால் வலிக்கிறது, கல்யாணத்துக்குக் கிளம்பச் சொன்னால் வலி போன இடம் தெரியவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஒருவழியாக ஓய்ந்தது. காவடிக்காரர்களுக்கு வழிவிட்டுப் பஸ்ஸையெல்லாம் சுற்றி அனுப்பியதில் நான் ஸ்டேஷன் போய்ச் சேர்ந்து அரக்கோணத்துக்கு ரயில்வே வேலைக்குப் போய் வருவதற்குள் பாதி ஆளாகிவிட்டேன். அடிக்கடி போனில் பேசுகிற மனிதன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே, பயப்படும்படி ஒன்றும் இல்லை. போனை எடுத்தாலே ஹெப்சி காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். இது அவளைப் பற்றிய சங்கதி.

அவள் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான்காம் வகுப்புப் பிள்ளை பேசுகிற பேச்சா அது. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தணிகைமணியை நைனா என்று கூப்பிட்டுத் தெலுங்கில் நாலு வார்த்தை பேசினால் மனசு இளகிவிடும் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள், மழை நாளில் பள்ளிக்கு ஆட்டோவில்தான் போகிறாள். போதகர் செய்த பிரசங்கத்தை வீட்டுக்கு வந்து, அவர் நடுவில் தண்ணீர் குடித்தது உட்பட, அப்படியே செய்து காட்டுகிறாள். காதில் ஒரு தடவை விழுந்தால் போதும். பள்ளிப் பேச்சுப் போட்டியில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றிப் பேசி எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தாள். இது வக்கீலாகும், கலெக்டராகும் என்று தெருவே சொல்கிறது. நானும் விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று சொல்லி மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். பரீட்சையில் மார்க் குறைந்தால், அவசரக்குடுக்கை, கேள்வியைச் சரியாகப் பார்த்திருக்கமாட்டாள் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இவ்வளவு பேசுகிற பிள்ளைக்கு வாசிக்க வராது என்று யாருக்குத் தோன்றும்.

போன மாதம் சிறுவர் ஞாயிறு வந்தது. அன்றைக்கு ஒரு பிள்ளை மேடையேறி வேதபாடம் வாசிப்பது நம் சபை வழக்கம் அல்லவா, நீகூட ஒரு வருஷம் வாசித்திருக்கிறாய், பாவாடை தடுக்கி விழப் பார்த்தாய். இந்த வருஷம் ஹெப்சியின் முறை. உச்சரிப்பு சரியாக வர வேண்டும் என்று என்னை முன்னாலேயே வாசிக்கச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். அன்றைக்கு வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு நின்று, விரலை வரி வரியாக ஓட்டி, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தாள். ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள், நான்தான் பெற்று வளர்த்து வாசித்த மாதிரி. சபையில் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி நடத்தும் பிரபாவதி டீச்சர் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனார், சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அவர் ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லித் தருகிறவர். ஐயா கோச்சுக்காதீங்க, புத்தகத்த மூடி வைக்கலாம்னு மேடைக்குப் போனேன், அதுல போன வாரத்துப் பாடம்தான் தொறந்திருந்துச்சு, மணியடிக்கிற சற்குணம் அண்ணன் பக்கத்த மாத்தி வைக்க மறந்துட்டாரு, புள்ள வாசிக்கலீங்க, மனசுல இருந்து சொல்லிச்சு என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

டீச்சர் ஒரு சின்னக் கதைப் புத்தகத்தை அவளிடம் நீட்டினார். படத்தில் ஒரு ஆடும் ஒரு கிணறும் இருந்தன. உன் மகள் படத்தைப் பார்த்தபடி நிறுத்தாமல் வாசித்தாள். ஆட்டுக்குக் கல்யாணமாம், கிணற்றடியில் பந்தியாம், அப்பளம் போடவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு கனகம்மாசத்திரத்தில் பஸ் ஏறிவிட்டார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன், அதில் ஆடு தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது, அவ்வளவுதான். அம்மா திகைத்துப் போய், இன்னாங்க இது, வாயத் தொறந்தா கொட்டுது, இதுக்குப் போய் படிக்கத் தெரியாதுன்னா எப்படி நம்புறது என்றாள். டீச்சர் பொறுமையாகச் சொன்னார். பேச்சு வளமா இருக்கிற புள்ளைங்களுக்கு வாசிப்பும் சீக்கிரம் வரணும்மா, தெரிஞ்ச வார்த்தைதானே புத்தகத்துலயும் இருக்கு, ஆனா இவ காதே எல்லா வேலையும் செஞ்சுகினு இருக்கு, கண்ணு சும்மா குந்திகினு இருக்கு, அரிசி மூட்டை மூட்டையா இருக்கு, அடுப்பத்தான் இன்னும் பத்த வைக்கல என்றார். எழுத்தெல்லாம் தெரிகிறதாம், கூட்டி வாசிக்கத்தான் பழகவில்லையாம். மேல்வகுப்புக்குப் போனால் கேட்டே சமாளிக்க முடியாது, நாளைக்கு நீ அவளை அயர்லாந்துக்குக் கூட்டிப்போனாலோ பாஷையும் புதுசு, வாசிப்பும் இல்லை என்றால் இந்த வாயாடிப் பிள்ளை வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் என்றார். அந்த வார்த்தை என் நெஞ்சில் இறங்கிவிட்டது. நம் ஹெப்சி ஊமையாக உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார். இப்போதுகூட அவள் என் தோளில் சாய்ந்துகொண்டிருக்கிறாள், நான் மறைக்காமல்தான் எழுதுகிறேன். மறைக்கத் தேவை இல்லாததுதான் என் வருத்தம்.

அதற்குப் பிறகு பிரபாவதி டீச்சர் பள்ளி விட்டுப் பஸ்ஸிலிருந்து இறங்கும் நாளெல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போகிறார், தங்கமான மனுஷி. புத்தகம் எதைக் கொடுத்தாலும் ஹெப்சிக்குக் கொட்டாவி வருகிறது, தாகம் எடுக்கிறது, வயிறு வலிக்கிறது. போன வாரம் டீச்சருக்கு ஒரு யோசனை தோன்றியது. நீ போனில் பேசிப் பதிந்து அனுப்பிய பேச்சு ஒன்றை, உன் வார்டில் இருக்கும் கிழவர் பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறாரே அந்தப் பேச்சை, நீ பேசினபடியே ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தார். அவளுக்குத்தான் அது முழுதும் மனப்பாடமாயிற்றே, வார்த்தையையும் எழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தார். அப்படியேதான் நடந்தது. நிஜமாகவே வாசித்தாள் பிரேமா. திக்கித் திக்கி, ஒவ்வொரு எழுத்தாக ஏறி இறங்கி, ஹெப்சிக்கண்ணு சாப்டியாம்மா என்ற முதல் வரியை வாசித்தாள். இரண்டாம் வரியும் வாசித்தாள். திடீரென்று காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றவளைப் போய்க் கேட்டேன். தாத்தா, வாசிச்சா என் கொரலுதான் கேக்குது, அம்மா கொரலு வரல, எனக்கு வாணாம் என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்து கை கழுவினேன்.

நீ அனுப்பும் பேச்சு எதையும் அவள் அழிக்கவிடுவதில்லை. போனில் இடம் இல்லை என்று சொன்னால், என் ரயில்வே சங்கத்துப் படங்களை அழிக்கச் சொல்கிறாள். தூங்கும்போது தலையணைக்கும் காதுக்கும் நடுவில் நீ பேசிக்கொண்டிருக்கிறாய். அவளைச் சொல்லி என்ன, ஸ்டேஷனில் உன் வயசுப் பெண் யாராவது அப்பா என்று கூப்பிட்டால் நானே திரும்பிப் பார்க்கிறேன். அம்மா நீ விட்டுப்போன புடவையைத் துவைத்துத் துவைத்து மடித்து வைக்கிறாள், யாரும் கட்டாத புடவை எப்படி அழுக்காகும் என்று நான் கேட்பதில்லை. கண்ணு, உன்னைக் காணாமல் இந்த வீடு வீடாக இல்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். போனில் பேசுவதை நிறுத்த வேண்டாம், அது அந்தப் பிள்ளைக்குச் சோறு. ஆனால் வாரம் ஒரு கடிதம் உன் கையால் அவளுக்கு எழுது. புத்தகத் தமிழ் வேண்டாம், வாயால் பேசுகிற மாதிரியே எழுது, எழுத்து பெரிதாக இருக்கட்டும். போனில் சொன்னதையே எழுதினால் அவள் காது ஜெயித்துவிடும், ஆகவே போனில் சொல்லாத ஒன்று அதில் இருக்க வேண்டும் என்கிறார் டீச்சர். நான் ரொம்ப யோசித்துவிட்டேன். லீவு கிடைத்ததும் வந்து ஹெப்சியைக் கூட்டிப்போகிறேன் என்றாயே, அந்தத் தேதி முடிவானால் எங்களுக்குச் சொல்லாதே. அவளுக்கு எழுது. உறையைப் பிரிக்காமல் அவள் கையில் கொடுத்துவிடுவோம், எத்தனை நாளானாலும் யாரும் வாசித்துக் காட்டமாட்டோம். அம்மா என்றைக்கு வருகிறாள் என்று அவளே கண்டுபிடித்து எங்களுக்குச் சொல்லட்டும். அந்தத் தேதியில் நீ வருவாய், அதற்கப்புறம் அவளும் போய்விடுவாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இருந்தாலும் அதை அவள் வாயால்தான் கேட்க வேண்டும் எனக்கு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ தொடுகிற நோயாளிகளுக்கெல்லாம் சுகம் தரட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசீர்வாதம். காதை மூடித் துணி கட்டிக்கொள்ளாமல் வெளியே போகாதே. தேதியை மட்டும் போனில் சொல்லிவிடாதே. அம்மா அழுது கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்டாலும்.

உன் வரவை எண்ணியிருக்கும் அப்பா,
ஆபேல்