லோர்கனின் வலது முட்டி

பாலினமோர், லீட்ரிம், அயர்லாந்து
ஏப்ரல், கடைசி ஞாயிறு

அன்பு மகன் லோர்கனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் மாடுகளும் சுகம். நீ சுகமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய். மைதானத்திலிருந்து உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கும் அதையேதான் சொன்னாய். இந்த நாட்டில் சவப்பெட்டியைத் திறந்து கேட்டால்கூட உள்ளே இருப்பவன் அதைத்தான் சொல்வான். போனில் பேசினால் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு வந்தபோது உன்னைப் பாட்சியிடம் அழைத்துப் போனதைச் சொல்லிச் சொல்லி அங்கே இங்கிலாந்தில் உன்னோடு ஆடும் பையன்களெல்லாம் சிரிக்கிறார்கள் என்று உன் அக்கா ஓர்லா சொன்னாள். சிரிக்கட்டும். இரண்டு தடவை கத்தி வைத்தும் வீக்கம் வடியாத முட்டியை வேறு யாரிடம் காட்டுவதாம்? சுளுக்குக்கு மந்திரிப்பதில் இந்த மாவட்டத்தில் பாட்சியை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் அப்பாவுக்கும் அந்தக் கை இருந்தது. மூன்று தடவை போக வேண்டும், நூல் கட்டிவிடுவார், காசு கொடுக்கக் கூடாது, நன்றி சொல்லக் கூடாது. நன்றி சொன்னால் மந்திரித்தது அத்தனையும் போய்விடும். இது இங்கே பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

உன் அப்பாவுக்கும் தெரியும். ஆனால் மாலக்கி என்கிற அந்த மனிதர் பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஓட்டுநருக்கு நன்றி, பெட்ரோல் போட்டால் நன்றி, அபராதச் சீட்டு எழுதிய போலீஸ்காரனுக்கும் நன்றி சொல்கிறவர். மூன்றாம் தடவை கடைசி முடிச்சும் போட்டு முடிந்து, நீ வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு "ரொம்ப தேங்க்ஸ், பாட்சி!" என்று கத்தினாரே, என் உயிரே போய்விட்டது. பாட்சி வாசல் கேட் அருகில் நின்று "கெடுத்தியே மாலக்கி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். "அந்த வாய வச்சுக்கிட்டுச் சும்மாவே இருக்க முடியாதா உங்களுக்கு?" என்று வழி நெடுக நான் திட்ட, நீ பின்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அதற்காகவே அவரை மன்னித்தேன்.

மறுநாளே உனக்கு விமானம். இல்லாவிட்டால் முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருப்போம். பரவாயில்லை. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது என்பதற்காக அவசரப்பட்டு ஓடாதே. நடுக்களத்தில் உன்னைப் போல் பந்தைக் காலில் நிறுத்தி நிதானமாக ஆட்டத்தைத் திருப்புகிறவன் வேறு யாரும் அங்கே இல்லை என்று மேனேஜரே சொன்னாராமே. அப்படிப்பட்டவர் கைவிட மாட்டார். மளிகைக் கடைக்காரன் டோனால் மட்டும் வழக்கம்போல ஆரம்பித்தான்: "நம்ம நாட்டு கேலிக் பந்தாட்டத்தையே ஆடிக்கிட்டு இருந்திருந்தா மாவட்ட அணியில இருந்திருப்பான் உங்க பையன். இங்கிலீஷ்காரன் பந்தைத் தேடிப் போனானே, என்னத்தக் கண்டான்?" "உன் தொப்பையைவிட அவன் முட்டி சீக்கிரம் வடியும்டா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. சர்ச்சுக்குப் போகாவிட்டாலும் போகிறது, சாப்பிடு.

அன்புடன் அம்மா

*

பாலினமோர்
ஜூன், செவ்வாய் காலை

என் கண்ணே லோர்கன்,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போடுவாய் என்று எதிர்பார்க்கவுமில்லை.

கிளப் விடுவிக்கும் ஆட்டக்காரர்கள் பட்டியலில் உன் பெயர் இருந்ததை எனக்கு முன்னால் இந்த ஊரே பார்த்துவிட்டது. டோனால் கடையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. அவன் ஒரு வார்த்தை கிண்டலாகச் சொல்லவில்லை. ரொட்டியைப் பையில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே உறைத்தது. அதற்கு முன்பே, பயிற்சியில் பக்கத்தில் ஆளே இல்லாமல், வெறுமனே திரும்பும்போது முட்டி விட்டுப்போனதையும், "நடக்கலாம், படி ஏறலாம், பந்தாட முடியாது" என்று டாக்டர் சொன்னதையும் நீ அப்பாவிடம்தான் சொன்னாய். நான் அப்போது பாடல் குழுவில் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் நின்றுகொண்டிருந்தார்.

நீ அவரிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "உங்க தேங்க்ஸுதாம்ப்பா என் முட்டிய வாங்கிடுச்சு" என்றாயாம். விளையாட்டுக்குத்தான் சொல்லியிருப்பாய். அழுகையை மறைக்க ஏதாவது கிண்டல் பேசுவது உன் சுபாவம், அது என்னிடமிருந்து வந்தது. ஆனால் அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நேரே பாட்சியிடம் போய்க் கேட்டிருக்கிறார். "அது சுளுக்கே இல்லப்பா, உள்ள நார் அறுந்துபோன முட்டி. உன் பொண்டாட்டி அட்ராக்டா மனசு ஆறட்டும்னுதான் நூல் கட்டினேன். நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் அது போனதுதான்" என்று அவர் தலையிலடித்துச் சொல்லியும், தன்னைத் தேற்றத்தான் பாட்சி பொய் சொல்கிறார் என்கிறார் உன் அப்பா.

அன்றிலிருந்து அவர் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. கடையில் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு பேசாமல் வருகிறார். பஸ்ஸிலிருந்து ஊமை மாதிரி இறங்குகிறார். "மாலக்கிக்கு எம்மேல என்ன கோவம்?" என்று ஓட்டுநர் என்னிடம் கேட்டார். நான் தட்டை வைத்தால் ஒரு கணம் உதடு அசைகிறது, பிறகு மூடிக்கொள்கிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது பார்க்கச் சகிக்கவில்லை.

ஆனால் அவரைப் பற்றிச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஓர்லா போன வாரம் அங்கே வந்ததைச் சொல்லத்தான் தொடங்கினேன், எங்கோ போய்விட்டேன். நீ கதவைத் திறக்கவில்லை. உள்ளிருந்தபடியே "நல்லாத்தான் இருக்கேன், நீ கெளம்பு" என்றாயாம். ரொட்டியும் நான் கொடுத்தனுப்பிய இறைச்சியும் தேயிலையும் வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பை வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டினாள். உள்ளே நீ நடக்கிற சத்தம் மட்டும் கேட்டதாம், காலை இழுத்து இழுத்து. படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு விமானம் ஏறினாள். இப்போது போனும் அணைந்து கிடக்கிறது.

மகனே, எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்குப் பயம் என்று எழுத என் கை வரவில்லை. உனக்குத் தெரியும்.

முட்டி சரியாகிவிடும் என்று இனி நான் சொல்லப் போவதில்லை. ஆகாது. இருபத்தொரு வயதில் வேறு வேலை கற்றுக்கொள்ளலாம், கடவுள் வேறு வழி காட்டுவார் என்றெல்லாம் ஃபாதர் என்னிடம் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன். நீ நடக்கத் தொடங்கியதிலிருந்து பந்தைத் தவிர வேறெதையும் நாங்கள் உன் முன்னால் வைத்ததில்லை. படிக்கிற பிள்ளையாக இருந்தாய், அதையும் விட்டுவிட்டுப் போ என்று பெருமையாக அனுப்பி வைத்தோம். இப்போது உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு நல்ல சேதியும் இல்லை. எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

இங்கே நான்கு நாட்களாக மழை இல்லை. லீட்ரிமில் ஜூன் மாதத்தில் நான்கு நாள் தொடர்ந்து காய்வது எப்போதாவதுதான். சுற்றிலும் எல்லா வயலிலும் புல் அறுக்கும் இயந்திரம் ஓடுகிறது. நம் மாடுகளின் குளிர்காலத் தீனி மட்டும் அறுபடாமல் நிற்கிறது. நேற்று மாலை உன் அப்பா பக்கத்து வீட்டு யூஜீனைக் கூப்பிட்டு, "நீயே அறுத்துக்க, முடியலன்னா மழையில கெடக்கட்டும்" என்றார். தன் தகப்பன் செத்த அன்றுகூடப் புல்லை அள்ளி மூடிவிட்டு வந்த மனிதர். யூஜீன் தொப்பியைக் கழற்றிவிட்டான். இன்று டப்ளினில் கப்பல் ஏறுகிறோம்.

இதைத் தபாலில் போடப் போவதில்லை. கையோடு கொண்டுவந்து உன் கதவுக்கு அடியில் தள்ளுவேன். நாங்கள் இருவரும் வெளியேதான் நிற்போம். உள்ளே விடவேண்டும் என்றில்லை, படியிலேயே உட்கார்ந்துகொள்வோம். ஒன்றும் கேட்க மாட்டோம். குனிந்தால் உனக்கு முட்டி வலிக்கும், தெரியும். வலித்தாலும் குனிந்து இந்தக் காகிதத்தை எடு. இது உள்ளே இழுபடுவதை நான் பார்க்க வேண்டும்.

அதுவரை ஆண்டவர் உன்னை விட்டுக் கண்ணை எடுக்காதிருக்கட்டும்.

உன் அம்மா