அணைக்காதே என்று சொன்னவளுக்கு

ஏளா ஸ்டெல்லா, என் தங்கமே,

எனக்குப் பட்டம் வந்துவிட்டது. முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி, உனக்குத்தான் கடைசியாக வந்து சேர்கிறது. போனில் உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஆபீசில் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கிக் கொடுத்தார்கள். "இனிமே உங்கள டாக்டரம்மான்னுதான் கூப்பிடணும், காச்சலுன்னா உங்ககிட்டதான் வருவேன்" என்று கேன்டீன் அக்கா கிண்டல் பண்ணினார். நானும் சிரித்தேன். வாயில் போட்டது இனிப்பு என்று தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நீ போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறேன். பல் பிடுங்கின பிறகு கன்னம் மரத்துக் கிடக்குமே, அந்த மாதிரி.

ரெண்டு பேரும் சேர்ந்து பதிவு செய்வதாகத்தானே பேச்சு? செய்து முடித்த வேலைக்கே முனைவர் பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம் இருக்கிறது என்று கண்டுபிடித்து வந்தவளே நீதான். துறைமுகத்துக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்கு நாம் இத்தனை வருஷம் காவல் இருந்தோம். அந்த வேலையைத் தொகுத்து, அதில் என்ன கண்டோம் என்று விளக்கி எழுதி, தேர்வாளர்கள் முன்னால் பதில் சொன்னால் போதும் என்றாய். "புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாம்ளா, பட்ட பாட்ட எழுதுனா போதும்." விண்ணப்பம் போடுவதற்குள் தலைவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். நீ திரும்பி வரவில்லை. நான் மட்டும் பதிவு செய்தேன். நாம் பேசி வைத்த வேலை, செய்தேன், அவ்வளவுதான்.

எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஓடியது, அந்த ஒரு காலையைத் தவிர. மழைக்காலம். கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டே வந்தன. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று திரையில் மிரட்டல். வெளியே துறைமுகச் சாலை முழுக்க லாரிகள் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி மேனேஜர் கத்தினார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் கை சுவிட்சுக்கே போய்விட்டது. நீ அதைப் பட்டென்று தட்டிவிட்டாய்.

"ஏளா, அணைக்காத. நெட் வயர மட்டும் உருவு. அணைச்சா வந்தவன் தடமெல்லாம் அழிஞ்சிரும்."

பிறகு மேனேஜரிடம் திரும்பினாய். "சார், கேட்ல கையால சீட்டு எழுதி லாரிய விடுங்க. இங்கன நாங்க பாத்துக்கிடுதோம்." அந்த மனுஷன் முகம் எப்படிப் போயிற்று என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? அணைக்காமல் விட்டதால்தான் பூட்டுப் போட்டவன் எந்த வழியாக நுழைந்தான் என்று பிடித்தோம். அதே வழியை மற்ற கம்பெனிகளிலும் போய் அடைத்தோம்.

தட்டுத்தடுமாறி அதையும் எழுதிக் காட்டினேன். ஆய்வேட்டிலேயே உருப்படியான அத்தியாயம் அதுதான் என்று என் வழிகாட்டி சொன்னார். ஆனால் பல்கலைக்கழகத்தில் ஒரு விதி இருக்கிறது. முடிவெடுத்தது நான்தான் என்று காட்ட வேண்டும். சேர்ந்து செய்த வேலை என்றால், கூடச் செய்தவரும், யார் பங்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துக்கு உன்னை எங்கே போய்த் தேடுவேன்?

"எம்மா, அந்தப் பிள்ளதான் இல்லையே. யாரு வந்து கேக்கப் போறா? நீயும் அங்கன நின்னவதான, உன் வேலைன்னே எழுது" என்றார் வழிகாட்டி சார். கெட்ட மனுஷர் இல்லை. நான் தேறிவிட வேண்டும் என்பதுதான் அவர் கவலை.

உன் ஊருக்கு, மணப்பாட்டுக்குப் போய் உன் அம்மாவிடம் கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமலே சொன்னார்கள். "எடுத்துக்கோ மக்கா. அவ இருந்தாலும் உனக்குத்தான் குடுத்திருப்பா." அடுத்த மீனைக் கையில் எடுத்தபடி, "அன்னைக்கு வந்து என்னமோ வயரு, தடம்னு மூச்சு விடாம சொன்னா. எனக்கு ஒரு எழவும் வெளங்கல. ஆனா அப்படி ஒரு சந்தோசமா அவள நான் பாத்ததே இல்ல" என்றார்கள்.

திரும்பி வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'கணினிகளை அணைக்க வேண்டாம் என்று நான் முடிவு செய்தேன்' என்று ஒரு வரி அடித்தேன். நீ தட்டிவிட்ட கையாலேயே அடித்தேன். எல்லோரும் சரி என்று சொல்லியாகிவிட்டது, எனக்குத்தான் முடியவில்லை. அத்தியாயத்தை அப்படியே எடுத்துவிட்டேன். சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த இடத்துக்கு வேறு வேலை எதையோ வைத்து, இழுத்துப் பறித்து முடித்தேன்.

வாய்மொழித் தேர்வில் ஒருவர் கேட்டார், துறைமுகத்தில் பெரிய தாக்குதல் எதையும் நீங்கள் நேரில் பார்த்ததில்லையா என்று. "பார்த்திருக்கிறேன். அதைச் சமாளித்தவர் வேறொருவர்" என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன் பெயரைச் சொல்லியிருப்பேன். தேறிவிட்டேன் என்று எழுந்து நின்று கை தட்டினார்கள்.

சான்றிதழைப் பீரோவில் வைக்கும்போதுதான் எனக்குள் முதல் தடவையாக ஒன்று அசைந்தது. அழுகை என்றுதான் நினைத்தேன். இல்லை, கோபம். உன்மேல்தான். ரெண்டு பேரும் போவோம் என்று ஆசை காட்டிவிட்டு இப்படிப் பாதி வழியில் விட்டுப் போனாயே, இது உனக்கே நியாயமா? யாரிடம் போய் இதைக் கேட்பது?

எடுத்துவிட்ட அந்த அத்தியாயத்தை உன் பெயரில், உன் ஒருத்தி பெயரில் மட்டும் வெளியிடுவேன். அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் அம்மாவை உட்கார வைத்து அந்தக் காலையை முழுசாகச் சொல்லப் போகிறேன். எதற்கு வயரை உருவினாய், எதற்கு அணைக்க விடவில்லை, ஊரே கத்தும்போது நீ எப்படி நின்றாய், எல்லாம். விளங்கவில்லை என்றால் விளங்குகிற வரைக்கும் சொல்வேன். மகள் கெட்டிக்காரி என்று அவர்களுக்குத் தெரியும். என்ன செய்த கெட்டிக்காரி என்று தெரியாமல் அவர்கள் கண் மூடக் கூடாது. இது சத்தியம்ளா.

உன் கூடப்பிறக்காத சகோதரி,
செல்வி