அப்பாவைப் பார்க்க ஒரு கையெழுத்து

ஜீவனஹள்ளி, பெங்களூர்
ஆகஸ்ட் 2003

அன்பு மகள் ரோஸிக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்த மஸ்கட் வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பூசையிலும் கேட்கிறேன். குட்டிக்குப் பல் முளைக்கிறது என்று போனில் சொன்னாய், கண்டதை வாயில் வைக்க விடாதே, நர்ஸுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்வேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அப்பாவோடு வேலை பார்த்த உன் ஜெயராமன் மாமா கோலார் தங்கவயலிலிருந்து போன வாரம் ரயிலில் வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார், சுரங்கத்தை மூடினதிலிருந்து அவருக்குப் பேச ஆள் இல்லை, என் காதைத் தின்றுவிட்டார். என் இடுப்பு எலும்பு கூடிவிட்டது, கம்பு இல்லாமல் பஸ் ஏறுகிறேன். ஏறி எங்கே போகிறாய் என்று கேட்பாய். அடுகோடிக்குத்தான், அப்பா இருக்கும் முதியோர் ஹோமுக்கு. கோபப்படாமல் முழுதும் படி.

உன்மேல் குறை சொல்ல எழுதவில்லை. அப்பாவுக்கு நினைவு தப்பி, சுரங்கத்துக்கு ஷிப்டுக்குப் போகிறேன் என்று கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை நடந்தே போனபோதும், நான் வழுக்கி விழுந்து படுத்தபோதும், நீதான் பறந்து வந்து ஓடியாடி அவரை அங்கே சேர்த்தாய், பொறுப்பாளர் என்று கையெழுத்தும் போட்டாய். அதெல்லாம் சரி. ஈஸ்டருக்குப் பிறகு நான் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, அப்புறம் சாப்பிடவும் இல்லை, அதனால் கொஞ்ச காலம் யாரும் வராமல் இருந்தால்தான் அவருக்கு இடம் பழகும் என்று டாக்டர் சொன்னார், எங்கள் ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் செய்வோம் என்று நீயும் போனிலேயே சம்மதம் கொடுத்தாய். அன்றிலிருந்து எனக்குக் கேட் திறப்பதில்லை. மேனேஜர் மேடம் ரொம்ப மரியாதையானவர், ஆங்கிலத்தில் ஸாரி சொல்லிவிட்டுத் தமிழில் போகச் சொல்வார். வாட்ச்மேன் கன்னடத்தில் ஆகல்லம்மா ஆகல்ல என்று கையை ஆட்டுகிறார். பால்காரர் உள்ளே போய் வருகிறார், பெண்சாதிக்குப் பர்மிஷன் இல்லை.

அதனால் கேட்டை ஒட்டின சந்தில் நின்று மாடி ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவேன். ஒரு நாள் சத்தம் கேட்டது. டம்ளரால் ஜன்னல் கம்பியில் மூன்று தட்டு, கொஞ்சம் நிறுத்தி மறுபடி மூன்று. நீ கைக்குழந்தையாக இருந்தபோது பாறை வெடித்து அப்பா சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்டதைச் சொல்லியிருக்கிறேன். உள்ளே இருப்பவன் காற்றுக் குழாயில் தட்டுவான், உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். கேட்டவன் திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டிவிட்டால் ஆளை வெளியே எடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, அங்கே அது சத்தியம் செய்த மாதிரி. ஹோமில் இதைத் தொந்தரவு என்கிறார்கள், மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கிறார்களாம். நம் முகம் ஒன்றும் கண்ணில் படாததால் உன் அப்பா மறுபடியும் பாறைக்கு அடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் ரோஸி.

நான் யோசிக்கவே இல்லை, வீட்டுச் சாவியால் கேட்டில் மூன்று தட்டு தட்டிவிட்டேன். மேலே சத்தம் நின்றது. பிறகு கடகடவென்று தட்டினார், அது சந்தோஷம், எனக்குத் தெரியும். அதற்குள் வாட்ச்மேன் வந்து பிடித்துத் தள்ளாத குறையாக விரட்டினார், நான் பஸ் ஏறிவிட்டேன். திருப்பித் தட்டிவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன். அதிலிருந்து அவர் ஓய்வதே இல்லை. டம்ளரைப் பிடுங்கி பிளாஸ்டிக் கொடுத்தார்கள், கல்யாண மோதிரத்தால் தட்டினார். போன திங்கட்கிழமை மேடம் அந்த மோதிரத்தைக் காகிதத்தில் மடித்துக் கேட் வழியாக என் கையில் கொடுத்தார், செத்தவர் விரலிலிருந்து கழற்றிக் கொடுப்பது போல இருந்தது. இப்போது விரல் முட்டியால் தட்டுகிறாராம், தோல் உரிந்துவிட்டது என்று அங்கே வேலை செய்யும் ஆயா சொன்னாள். இங்கே வீட்டில் குழாய் சொட்டினால்கூட நான் எழுந்து போய்ச் சுவரில் தட்டுகிறேன். பக்கத்து வீட்டு அம்மாள் என்ன சத்தம் என்று கேட்டாள், பல்லி என்றேன்.

நேற்று அவர் ஜன்னலுக்கு வந்தார். நான் கேட் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னைத் தெரியாது என்றுதான் நினைத்தேன், தெரிந்துவிட்டது. எலிசா, நீயுமா மாட்டிக்கிட்ட, பொம்பளைய யாருடா கூண்டுல எறக்கினது என்று சந்து முழுக்கக் கேட்கக் கத்தினார், சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டைச் சொல்கிறார். அப்புறம் குரலைத் தணித்து, பயப்படாதடி, மேலேர்ந்து தட்டினாங்க, வந்துடுவாங்க என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார். தட்டினது நான்தான் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன். வீட்டுக்கு வந்து அழுது தீர்த்தேன், இன்னும் தீரவில்லை.

அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். உள்ளே தங்கியிருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கத் தடை உண்டா என்று மேடத்திடம் கேட்டேன். அதெல்லாம் இல்லை, சாப்பாட்டுக் கூடமும் ஜெபக் கூடமும் ஆண் பெண் எல்லோருக்கும் பொதுதான், வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் ரூல்ஸ் என்றார். கீழே பெண்கள் பக்கம் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. அம்மா எப்போது வேண்டுமானாலும் அப்பாவைப் பார்க்கலாம் என்று நீ உடனே ஹோமுக்குக் கையெழுத்து அனுப்பு. உன் நர்ஸ் மனசு அதற்கு ஒப்பவில்லை என்றால் என்னையும் அங்கேயே சேர்க்கச் சொல்லி அனுப்பு. புத்தி தெளிவாகத்தான் எழுதுகிறேன். வாடகை வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன், துணிமணி எடுத்து வைத்துவிட்டேன்.

மாதா உங்கள் மூன்று பேரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். டூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஒன்று மட்டும் மறக்காதே, என்னைச் சேர்ப்பதானால் என்னைப் பார்க்க யார் யார் வரலாம் என்று உன்னிடம் கேட்பார்கள். முதலில் உன் பெயரை எழுது. எழுதாவிட்டால் நீயே வந்து நின்றாலும் அந்த வாட்ச்மேன் கேட்டைத் திறக்க மாட்டார்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
எலிசபெத் மதலைமுத்து