சீனியரா, ஜெனரலா

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இங்கே நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள்.

நீ அனுப்பிய காகிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் படித்து அர்த்தம் சொன்னார். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டருக்குப் புகார். டோக்கன் ஜன்னல் பெண், வயதான மனிதர் என்று தெரிந்தும் அப்பாவைப் பொது வரிசையில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தாள், அதனால்தான் உயிர் போனது, அவளை வேலையை விட்டு எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டிருக்கிறாய். நான் இன்னும் போடவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். போன் என்றால் நீ அழுவாய், நானும் அழுவேன், இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டே வைத்துவிடுவோம். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொண்டு படி.

உன் தம்பி போன வாரம் வந்து குளியலறைக் குழாயை மாற்றிவிட்டுப் போனான். தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறான். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவின் சட்டைகள் ஆணியில் மாட்டியபடியே இருக்கின்றன. சோப்புக் கம்பெனியில் கடைசி நாளன்று அவர் வெட்டின சோப்பிலேயே ஒரு பெட்டி கொடுத்து அனுப்பினார்களே, அதில் நாலு கட்டி அலமாரியில் மிச்சம் இருக்கிறது. அதைத் தொடவில்லை. வேறு சோப்பு வாங்கிக் குளிக்கிறேன்.

காகிதத்தைப் படிக்கும்போது டீச்சர் ஒவ்வொரு வார்த்தையாக விரலை வைத்துச் சொன்னார். ஓரிடத்தில் எல்டர்லி, ஓரிடத்தில் ஏஜ்டு, இன்னோரிடத்தில் சீனியர் சிட்டிசன். எல்லாம் யாருங்க டீச்சர் என்று கேட்டேன். எல்லாம் உங்க வீட்டுக்காரர்தாம்மா, இங்கிலீஷ்ல வயசானவங்களுக்கு நிறைய வார்த்தை இருக்கு, ஒண்ணைவிட ஒண்ணு மரியாதை என்றார். உயிரோடு இருந்தபோது அவருக்கு இத்தனை மரியாதை யாரும் கொடுக்கவில்லை. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். துக்கம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார். அது துக்கம் மட்டும் இல்லை.

நம் வீட்டில் சீனியர் என்றால் என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். காக்கிச் சட்டைக்காரர்கள் ஆப்பரேட்டர், நீலச் சட்டைக்காரர்கள் சீனியர் ஆப்பரேட்டர். முப்பத்தியொரு வருஷம் அந்த வெட்டு மிஷினில் நின்றார். சோப்புக் காரம் பட்டு உள்ளங்கைத் தோல் உரிந்து உரிந்து ரேகையே இல்லாமல் போயிற்று. சோடாபுட்டி என்று எல்லாரும் கூப்பிட்ட அந்தத் தடித்த கண்ணாடிக்காரர் இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர். எட்டாவது வருஷமே அவருக்கு நீலச் சட்டை வந்துவிட்டது. அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்து, இனிமே சோடாபுட்டியை சார்னு கூப்பிடணுமாம், கண்ணாடியைக் கழட்டினா அவனுக்கு மிஷின் எங்கே இருக்குன்னே தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் வீட்டில் எடுத்ததே இல்லை. நீ பிறந்த பிறகு எழுதிக் கொடுத்து ஜெனரல் ஷிப்ட் வாங்கினார். காலை எட்டுக்குப் போய் சாயங்காலம் அஞ்சரைக்கு வருவார். அவர் சீனியர் இல்லை, ஜெனரல். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இந்த இரண்டு வார்த்தைதான். அவை இரண்டும் அத்துப்படி என்றே இருந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன புதிதில் நீ போனில், எங்க சீனியர் ஒருத்தருக்கு இன்னிக்குக் கால் நகம் வெட்டிவிட்டேம்மா என்று சொன்னாய். இன்னொரு நாள் சீனியருக்குக் கஞ்சி ஊட்டினேன் என்றாய். நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேலதிகாரிக்கு நகம் வெட்டவா இத்தனை தூரம் அனுப்பினோம் என்று அவர் இரண்டு நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். உனக்கு வெட்கமாக இருக்கும் என்று நாங்கள் கேட்கவில்லை. நாலு வருஷமாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ விளக்கியிருப்பாய்.

இனி அந்த வியாழக்கிழமை. எழுதிவிடுகிறேன்.

காலையிலேயே இடது தோள் இழுக்கிறது என்றார். வாய்வுதான், சும்மா ஆர்ப்பாட்டம் பண்ணாதே என்றார். நடந்துதான் பஸ்ஸுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் மின்விசிறிக்குக் கீழே பெஞ்சில் அவரை உட்கார வைத்துவிட்டு நான் ஜன்னலுக்குப் போனேன். அந்தப் பெண் குனிந்து முத்திரை குத்திக்கொண்டே, சீனியரா, ஜெனரலா என்று கேட்டாள்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? முன்னால் நின்றவர்களிடம் ஏதேதோ கேட்டாள், அதெல்லாம் எனக்குப் புரியவில்லை. இது புரிந்தது. சீனியர் இல்லைம்மா, ஜெனரல்தான் என்று பளிச்சென்று சொன்னேன். அவள் தலையைத் தூக்கி, யாருக்கு என்று கேட்டாள். பெஞ்சைக் காட்டினேன். அங்கிருந்து அவர் முதுகும் தலையும்தான் தெரிந்தன. ரிட்டயரான பிறகு பார்த்த குடோன் காவல் வேலையில் நரைத்த தலைக்காரர்களை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள் என்று ஞாயிற்றுக்கிழமைதான் மை அடிக்கச் சொன்னார். நான்தான் அடித்துவிட்டேன். ஒரு நரைகூடத் தெரியாமல் அழகாக அடித்திருந்தேன். அவள் பார்த்துவிட்டு, நிஜமாவாம்மா, சீனியர் இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டாள். ஆமாம்மா, எனக்குத் தெரியாதா என்றேன். அறுபத்தெட்டாம் நம்பர் கொடுத்தாள்.

அவள் இரண்டு தடவை கேட்டாள், பெரியவளே. இரண்டு தடவையும் நான்தான் இல்லை என்றேன்.

பெஞ்சுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். சீனியரான்னு கேக்குறா, இல்லைன்னுட்டேன் என்றேன். ஆமான்னு சொல்லியிருந்தா நீலச் சட்டையா கொடுத்திருப்பா என்று சிரித்தார். பிறகு அதற்குப் பக்கத்து ஜன்னலுக்கு மேலே இருந்த போர்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு உறையில் இருக்கும் இங்கிலீஷையெல்லாம் அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பார், உனக்குத் தெரியும். பார்த்துவிட்டு, சரியாத்தான் சொல்லியிருக்கே, விடு என்றார்.

நாங்கள் உட்கார்ந்தபோது பத்தொன்பதாம் நம்பர் போய்க்கொண்டிருந்தது. பக்கத்து ஜன்னலில் வந்தவர்களெல்லாம் உடனுக்குடன் உள்ளே போனார்கள். பெரிய பெரிய கம்பெனியில் சீனியராக இருந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். செருப்புக்கூட இல்லாமல் ஒரு கிழவி போனாள். இவள் எந்தக் கம்பெனியாக இருக்கும் என்றுகூட யோசித்தேன். இப்போது அதை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அம்பத்தொன்று கூப்பிட்டபோது நம்ம நம்பர் என்ன என்று கேட்டார். அறுபத்தெட்டு என்றேன். அம்பத்துநாலில் என் தோளில் சாய்ந்தார். இத்தனை வருஷத்தில் நாலு பேர் பார்க்க அவர் என் மேல் சாய்ந்ததே இல்லை. தூங்குகிறார், பாவம், வலி விட்டிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்துவிடப் போகிறாரே என்று அறுபதைக் கூப்பிடும் வரை நான் தோளை அசைக்கவே இல்லை.

டாக்டர், ஒரு மணி நேரம் முன்னால கொண்டுவந்திருக்கக் கூடாதாம்மா என்றார். அப்போது நாங்கள் அங்கே வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

இதையெல்லாம் நான் எப்போது தெரிந்துகொண்டேன் என்றால், அவர் போன பத்தொன்பதாம் நாள். ஆஸ்பத்திரியில் இறப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று உன் தம்பி சொல்லி, நான் தனியாகப் போனேன். அதே ஜன்னல், அதே பெண். என் நரைத்த தலையைப் பார்த்ததும், நீங்க சீனியர், அந்தப் பக்கம் போங்கம்மா என்றாள். நான் எந்தக் கம்பெனியிலயும் வேலை பார்க்கலையேம்மா என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அறுபது தாண்டினவங்களைத்தான் அப்படிச் சொல்றோம், வயசானவங்களான்னு நேரா கேட்டா சில பேரு சண்டைக்கு வர்றாங்கம்மா, அதனால மரியாதையா இருக்கட்டும்னு அப்படிக் கேக்கச் சொல்லியிருக்காங்க என்றாள்.

சொல்லிக்கொண்டே, அவர் போன அன்றைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்து என் கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். அவருக்கு அறுபத்தேழு என்று அதில் போட்டிருந்தது. முத்திரையைத் தூக்கின கை அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரில் அவள் விரல் மை ஒட்டியிருந்தது. சீனியர் வரிசையில் என் வேலை பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

அந்தப் பத்து நிமிஷத்தைத்தான் இத்தனை நாளாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் போர்டில் கோல் ஊன்றின மனிதர் படம் ஒன்று போட்டிருக்கிறது. அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. அப்பா பார்த்தார். அவருக்கு அர்த்தம் புரிந்ததா? புரிந்துதான் விடு என்றாரா? திரும்பிப் போய்க் கேட்டால் வரிசையில் எல்லார் முன்னாலும் நான் முட்டாளாக நிற்பேனே என்று விட்டாரா? இல்லை, சீனியர் என்று ஒருவர் கூப்பிட்டு அது கிழவன் என்பதற்காகத்தான் கிடைக்கிறது என்றால் வேண்டாம் என்று இருந்தாரா? சமைக்கும்போதும் கேட்கிறேன், துணி துவைக்கும்போதும் கேட்கிறேன். உன்னிடமும் கேட்கிறேன். நீ அவருடைய மகள், உனக்காவது தெரியுமா?

நீ கடைசியாக அவர் முகத்தைப் போனில்தான் பார்த்தாய். லீவு கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்துக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருக்கும். என்னைத் திட்டு. அந்தப் பெண்ணை விட்டுவிடு. அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். அவள் வேலை போனால் அந்த ஜன்னலில் இன்னொருத்தி உட்கார்ந்து அதையேதான் கேட்பாள், என்னைப் போல ஒருத்தி போய் நிற்பாள். எழுத வேண்டும் என்றால் ஒன்று எழுது. சீனியரா என்று கேட்ட பிறகு, வயது எத்தனை என்றும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி எழுது. அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன், ஒன்றுக்குப் பத்தாகப் போடுகிறேன். இந்தக் காகிதத்தை வெறும் பெருக்கல் குறியோடு திருப்பி அனுப்புகிறேன்.

நீ செய்யும் வேலை என்ன என்று இப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. யாருடைய வயதான அப்பா அம்மாவுக்கோ நகம் வெட்டிவிடுகிறாய். நல்ல வேலை அது. அப்பாவுக்கு அதைச் சொல்ல முடியாமல் போயிற்று. நீ தொடுகிற ஒவ்வொருவருக்கும் உன் கையால் வலி குறையட்டும். அவர்களுக்குப் புரியாத வார்த்தையில் எதையும் கேட்காதே. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், புரிந்துதான் சொன்னார்களா என்று முகத்தைப் பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீ கூப்பிடுவது வழக்கம். இந்தக் கடிதம் அதற்கு முன்னால் வருமோ, பின்னால் வருமோ, தெரியவில்லை. எந்த ஞாயிற்றுக்கிழமையானாலும் நான் ஒன்பது மணிக்கே வேலையெல்லாம் முடித்துவிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேசத் தோன்றாவிட்டால் பேச வேண்டாம், பெரியவளே. மணி மட்டும் அடிக்கட்டும்.

உன் வீடு நிறைந்திருக்கட்டும், குழந்தைக்கு என் முத்தம்.

அம்மா