ஆறரை மணிக் கத்திரிக்காய்

ஜூன் 12, வெள்ளி. இரவு 8.50.
போன பைகள் 14. திரும்பியவை 9. அனல் இன்னும் இறங்கவில்லை.

தாமலில் ராணி அக்கா தோட்டத்தில் மூன்றரைக்குப் பறிப்பு, ஆறரைக்குத் திருப்பருத்திக்குன்றத்து வீடுகளில். செடியிலிருந்து அடுப்புக்கு மூன்று மணி நேரம். இடையில் மண்டி இல்லை, தரகர் இல்லை. என் ஆய்வே அதுதான். போன வாரம் எல்லோரும் வாங்கினார்கள். இன்று கதவைத் திறந்து “வேணாம்பா”.

அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். “செவ்வாக்கெழமையும் திரும்பி வந்துதுன்னா மண்டிக்கே போட்டுடுவேன். உன் படிப்புக்கு என் கத்திரிக்கா காயணுமா?”

அவர் போனால் ஆய்வும் போச்சு. வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

ஜூன் 13, சனி
விலைதான் காரணம் என்று முடிவு. வாட்ஸப் குழுவில் விலை குறைத்தேன். ஒரே ஒரு கட்டைவிரல். என் அம்மா.

திரும்பியதில் ஒரு பை எங்கள் வீட்டுக்கு. மதியம் கத்திரிக்காய்க் குழம்பு. இரவும் அதே.

ஜூன் 14, ஞாயிறு
நேரில் கேட்கப் போனேன். மாலை ஆறு. அஜிதா வீடு; வங்கி வேலை, என் வயதுதான். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இப்பவே சாப்டாச்சா?”

“இந்தத் தெருவுல முக்காவாசி ஜைனருங்க, நாங்களுந்தான். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிடுவோம். போன வாரம் ஏதோ புதுசுன்னு வாங்கினோம். தெனம் நீ ஆறரைக்குக் கொண்டாந்தா அத வச்சிக்கினு வெளாடறதா?”

“காலைல சமைக்கலாமே.”

“அப்ப உன் மூணு மணி நேரம் எங்க போச்சு? காலைல கடையிலயே வாங்கிக்கிறேன். நீ காஞ்சிபுரம்தான?”

பிள்ளையார்பாளையம். ஒரே ஊர் மாதிரிதான். அப்பா தறியை விட்டு எழுந்து எங்கள் வீட்டில் சோறு போடும்போது எட்டரை. ஊரே அப்படி என்று போட்ட கணக்கு. அதற்கு ஒரு எக்செல் வேறு.

தெருமுனை வரை அவள் சிரிப்பு கேட்டது.

ஜூன் 15, திங்கள்
அக்காவிடம் சொன்னேன்: மூன்றரைக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், பன்னிரண்டரைக்குப் பறிக்க வேண்டும்.

“உச்சி வெயில்லயா? நீ பறி.”

“சரி.”

“நெசமாவா?” மருமகளைக் கூப்பிட்டார். “ஏ, இங்க வா, இன்ஜினியர் கத்திரிக்கா பறிக்கப் போறாராம்.”

ஜூன் 16, செவ்வாய்
பறித்தேன். காம்பில் முள் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை. அக்கா வேப்ப மரத்தடியில் மோர் குடித்தபடி, “அத வுடு, பிஞ்சு. அதயும் வுடு.”

3.25க்குப் போய்ச் சேர்ந்தேன். 14இல் 13 போயின. ஒரு வீடு பூட்டு. அந்தப் பையை நானே வாங்கிக்கொண்டேன், ஆகவே எதுவும் திரும்பவில்லை. நாலரைக்கு அஜிதா வீட்டைத் தாண்டினேன். எண்ணெயில் கத்திரிக்காய் வதங்கும் வாசனை. வண்டியை நிறுத்தி நின்றேன், காரணமில்லாமல்.

அக்காவுக்கு போன்.

“ஒண்ணும் வரலையா? சரி, மண்டிக்காரன்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். வெள்ளிக்கெழமையும் நீயே வந்து பறிச்சிடு.”

இனி:
1. முழுக்கைச் சட்டை, தொப்பி.
2. வெள்ளி 12.30, தாமல்.
3. அடுத்த தெருவில் காய் பற்றிப் பேசும் முன், எப்போது சாப்பிடுவீர்கள் என்று கேட்பது.
4. ஆய்வுச் செலவில் பறிப்புக் கூலி சேர்ப்பது.
5. பறிக்க ஆள் பிடிப்பது. அதுவரை நான்தான் ஆள்.