கிழக்கே வழிந்த பால்

என் பிடிவாதக்கார அண்ணாவுக்கு,

செத்தவர்களைப் பற்றி நல்லதுதான் பேச வேண்டுமாம். உன் செத்தவீட்டில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். கெட்டிக்காரன், தங்கமான பிள்ளை, அவன் கை வைத்தால் எதுவும் ஓடும் என்றார்கள். எனக்கு அவ்வளவு தாராள மனசு இல்லை. நீ என்னைவிட ஒரு வயசுதான் மூத்தவன். உன்னோடு சண்டை பிடித்தே வளர்ந்தவள் நான். செத்துப்போனாய் என்பதற்காக விட்டுவிடுவேனா?

ஜப்பான்காரனோடு யுத்தம் வந்து மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் என்று ஆனதும் கொட்டாஞ்சேனையே விறகுக்கு அலைந்தது. உனக்கு மட்டும் மூளை வேறு பக்கம் ஓடியது. ஒருகொடவத்தை மரவாடிகளில் சும்மா கொட்டிக் கிடக்கும் மரத்தூளை எரிக்க ஓர் அடுப்புச் செய்தால் கொழும்பே வாங்கும் என்றாய். யோசனை நல்லதுதான். அதற்காகத் துறைமுகக் கந்தோர் வேலையை விட்டாயே, அது எந்த ஊர் யோசனை? அப்பா இல்லாத வீடு. பிறகு என் தையல் மெஷினில்தான் அம்மாவும் நீயும் நானும் மூன்று பேரும் சாப்பிட்டோம். நான் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்த மெஷினையும் தகரப்பட்டறைக்காரனிடம் கொடுத்துவிட்டுத் தகரமும் ஈயமும் வாங்கி வந்தாய். கேட்டதற்குச் சிரித்தாய்.

தகரம் ஒரே ஓர் அடுப்புக்குத்தான் போதுமாயிருந்தது. தகரப் பீப்பாய்க்கு நடுவில் போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி இடித்து, போத்தலை உருவினால் ஒரு குழல். கீழே நெருப்பு வைத்தால் குழல் வழியே ஏறி நின்று எரியும். எரிந்தது, ஒத்துக்கொள்கிறேன். தேத்தண்ணிக் கேத்தலை வைத்துப் பார்த்தாய், கொதித்தது. பானையில் ஏதாவது பொங்கினால் தூளுக்குள்தானே விழும், மேலே ஒரு வளையம் போட்டு வெளியே வழிய விடு என்று நான் சொன்னேன்.

"முதல் ஒண்டு எரியட்டும். வளையத்தை ரெண்டாவதிலை பாப்பம்" என்றாய்.

ரெண்டாவது எங்கே அண்ணா?

புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முதலாளி உன் அடுப்பைப் பார்க்க வந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல இருக்கிறது. அவருக்குப் பிடித்தால் தகரமும் வேலை செய்ய ஒரு கொட்டிலும் தருவார். பிடிக்காவிட்டால் நம் வீட்டில் கந்தோர் வேலையும் இல்லை, மெஷினும் இல்லை. புது அடுப்பில் முதலில் பால்தான் பொங்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். சரி, பொங்கட்டும். கிழக்கே வழிந்தால்தானே நல்ல சகுனம்? அதற்காக நீ அடுப்பின் மேற்குப் பக்கத்துக்கு அடியில் ஓட்டுத் துண்டு ஒன்றைச் செருகி, அடுப்பையே சரித்து வைத்தாய். பானையின் கழுத்துவரை பாலையும் ஊற்றினாய். சகுனத்தையும் நீயே செய்யப் பார்த்தாய்.

பால் கிழக்கேதான் வழிந்தது. முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டார். அம்மா பிள்ளையாரைக் கூப்பிட்டார். வழிந்த பால் தூளுக்குள் இறங்கி, குழல் இடிந்து, நெருப்பு அமர்ந்துபோனதை நானும் நீயும்தான் பார்த்தோம்.

சகுனத்தில் மகிழ்ந்த மனிதர், அப்படியே ஒரு தேத்தண்ணியும் வைக்கச் சொன்னார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஈரத்தூளைக் கொட்டிவிட்டுப் புதிதாக இடித்திருக்கலாம். அவர் காத்திருந்திருப்பார். உனக்கு வெட்கம். புகைந்துகொண்டிருந்த சூட்டின் மேல் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றி, குனிந்து பார்த்தபடியே நெருப்புக்குச்சியை உரசினாய்.

அந்தக் கிழமையே ஆஸ்பத்திரியில் முடிந்துபோனாய். உன் முகத்தைத் துணியால் மூடித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா கடைசியாக ஒருமுறை பார்க்கவேண்டும் என்று கேட்டார். நான் விடவில்லை.

முதலாளி செத்தவீட்டுக்கு வந்து அழுதார். பொய்யழுகை என்று சொல்லமாட்டேன். போகும்போது, இது தாயின் கண்ணில் படக்கூடாது என்று அடுப்பை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். புண்ணியவான் என்றார் அம்மா.

இப்போது புறக்கோட்டையில் அவர் கடை வாசலில் அதே அடுப்பு அடுக்கடுக்காக நிற்கிறது. மேலே வளையத்தோடு. வளையம் எப்படி வந்தது என்கிறாயா? நான்தான் சொல்லிக்கொடுத்தேன். மெஷின் இல்லாதவள் வேறு எதைக் கொண்டுபோய் வேலை கேட்பது? வருகிற பெண்களுக்கு முன்னால் பாலைப் பொங்கவைத்துக் காட்டுவதுதான் என் வேலை. ஒரு சொட்டும் உள்ளே போவதில்லை. வெள்ளவத்தையிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கொழும்பே வாங்கும் என்றாயே, வாங்குகிறது. சந்தோஷமா?

போன கிழமை ஒரு பெண் இதை முதலில் செய்தது யார் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்க முன்னே முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"செஞ்சவன் அந்த அடுப்புலயே செத்தான்னு தெரிஞ்சா எந்தப் பொம்பள இதை வீட்டுக்குள்ள எடுப்பா? நீயே சொல்லு" என்றார்.

யோசித்துப் பார்த்தேன். நானும் எடுக்கமாட்டேன். வெளியே வந்து, முதலாளிதான் செய்தவர் என்று சொன்னேன். அவள் தனக்கொன்று, தமக்கைக்கொன்று என்று வாங்கிப் போனாள். அன்றைக்கு அம்மாவுக்கு மீன் வாங்கிக்கொண்டு போனேன்.

ஆகவே அண்ணா, உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்த அடுப்பு விற்கும்வரை உன் பெயர் என் வாயில் வராது. அம்மா செத்தாலும், நான் கிழவியானாலும், யார் வந்து கேட்டாலும் வராது. இந்தக் கடிதத்திலும் நான் அதை எழுதவில்லை, பார்த்தாயா?

இப்படிக்கு,
பெயர் போடாத
உன் தங்கச்சி