கூட்டேரிப்பட்டு பேனர்

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் நீ வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ரஷ்யாவுக்குக் குடோனில் மூட்டை தூக்கத்தான் போனார். அங்கே கையில் துப்பாக்கியைக் கொடுத்து யாருடைய சண்டைக்கோ அனுப்பிவிட்டார்கள். செத்துப்போனார் என்ற தகவல் மட்டும் வந்தது, உடல் வரவில்லை. அவரை அங்கே அனுப்பிவைத்த ஏஜெண்ட்டை எங்கள் வீட்டுக்கு யார் அழைத்து வந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை.

பேனரில் அவருக்குப் பட்டாளத்துச் சட்டை மாட்டி, நெஞ்சில் மெடல் வேறு ஒட்டியிருக்கிறாய். கீழே, அவரைவிடப் பெரிதாக, ஏஜெண்ட் கைகூப்பி நிற்கிறான். பக்கத்தில் நீ.

மாலையோடு அவனை வீட்டுக்கும் கூட்டி வந்தாய். "வீரமரணம்மா. ஊருக்கே பெருமை. சும்மா அழுதுக்கினு இருக்காத" என்றான். என் மகள் அவனிடமே கேட்டாள்: "எங்கப்பா மூட்டை தூக்கத்தான போனாரு, அவரு கையில யாரு துப்பாக்கி குட்த்தது?" அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான். நீயும் அவன் பின்னாலேயே ஓடினாய்.

நேற்று நானே போய்ப் பேனரை அவிழ்த்து வந்தேன். அவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். மீதியைக் கொல்லையில் விரித்து அதன்மேல் வறட்டி தட்டுகிறேன். ஏஜெண்ட் முகம் இன்றைக்கே மூடிவிட்டது. எங்களிடம் இருப்பது ஒரே மாடு. இரண்டு பேருக்குச் சாணி போதவில்லை.

உன் முகம் நாளைக்கு.

இப்படிக்கு,
செத்துப்போன உன் மச்சானின் பெண்டாட்டி